மூன்றாவது குழல்

பம்பரம் வீட்டில் எந்த டப்பாவைத் திறக்க வேண்டுமென்றாலும் பம்பரம் வர வேண்டும். அவன் மூடியதை வேறு ஆள் திறந்ததாகச் சரித்திரமே கிடையாது. சர்க்கரை டப்பா, எண்ணெய்ப் பாட்டில், குளியலறைக் குழாய், எதுவானாலும் அவன் கை பட்டால் அத்தோடு சரி. குழாய்த் திருகு மட்டும் வருடத்துக்கு மூன்று உடையும். இறுக்கிப் பிடித்தால்தான் எதுவும் நிற்கும் என்பது அவன் கட்சி. அந்தக் கட்சியில் அவன் ஒருவன்தான் உறுப்பினர். அவன் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கூடவே இருந்த மாமியார் சிரிக்க மாட்டார். சர்க்கரை போடாத டீயை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை எப்போது வருவார் என்று வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவருக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

மரக் கடைசல் அவன் தொழில். வீட்டின் பின்புறம் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை, அதில் ஒரு லேத். கட்டில்கால், மாடிப்படிக் கைப்பிடிக் கம்பம், முக்காலிக் கால், சட்டை மாட்டும் முளை எல்லாம் அதில் சுழன்று உருண்டுதான் வெளியே வரும். லேத் நின்றாலும் இவன் நிற்க மாட்டான். உளியைத் தேடி ஒரு சுற்று, உப்புத்தாளைத் தேடி ஒரு சுற்று, எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் ஒரு சுற்று. பம்பரம் என்று யாரோ வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. இனி பெற்ற தாயே வந்து உண்மையான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பானா என்பது சந்தேகம்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் மனைவி பஸ் டிப்போவிலிருந்து வந்து அவனுக்கு இடது கையால் தண்ணீர் கொடுத்தாள். அவள் அப்படிக் கொடுக்கிற ஆள் இல்லை. வலது கையைக் காட்டச் சொன்னான். ஒன்றுமில்லை என்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஒன்றுமில்லாத கையை எதற்கு ஒளிக்க வேண்டும் என்று மாமியார் அதைப் பிடித்து இழுத்து விரித்துக் காட்டினார். உள்ளங்கையின் நடுவில் நாணயம் அளவுக்கு வட்டமாக ஒரு புண். திருகாணியைச் சுற்றிச் சுற்றி ஓடுமே மரை, அந்த மரையின் வரிகள்கூட ஓரத்தில் அச்சடித்ததுபோல் பதிந்திருந்தன.

விஷயம் இதுதான். ஆறு வருடம் ரொட்டி வேன் ஓட்டியவள், பஸ் டிரைவர் வேலைக்கு எழுதிப் போட்டுத் தேர்வாகி, மூன்று மாதமாகப் பயிற்சியில் இருந்தாள். அவள் ஓட்டுவதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பயிற்சி பஸ்ஸில் கியர் கம்பியின் உச்சியில் இருக்க வேண்டிய குமிழ் எந்தக் காலத்திலோ உடைந்துபோய், மரையோடு வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் அதில் ஒரு கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு காலம் தள்ளினார்கள். முதல் டெஸ்டில் மேட்டு ரோட்டில் ஏறும்போது அந்தத் துணி இவள் கையோடு வழுக்கி வந்துவிட்டது. மூன்றாவது கியர் விழவில்லை, பஸ் நின்று பின்னால் உருளப் பார்த்தது. இரண்டாவது டெஸ்டில் துணியே வேண்டாமென்று வெறுங்கையால் தள்ளினாள். பழகிப் பழகிப் புண்ணாகியிருந்த கை, ஒரு நொடி தயங்கியது. அந்த ஒரு நொடி போதும், கியர் மறுபடியும் விழவில்லை.

திங்கட்கிழமை மூன்றாவது டெஸ்ட். அதுதான் கடைசி. அதிலும் கோட்டைவிட்டால் இடம் பட்டியலில் அடுத்து இருக்கிறவருக்குப் போய்விடும். மறுபடி ஆள் எடுக்கும்போது இவளுக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும்.

டெஸ்ட் எடுக்கிற அதிகாரியிடம் இதைச் சொல்லித் தொலைப்பதற்கு என்ன என்று பம்பரம் கேட்டான்.

"சொல்லலாம். 'பொம்பளைக்குக் கை வலிக்குதாம்'னு ஒரு வரியில முடிச்சிருவாங்க. அப்புறம் எனக்குப் பின்னாடி வர்றவளுக்கும் சேர்த்து அந்தப் பேச்சு நிக்கும்" என்றாள் அவள்.

பம்பரத்துக்குச் சுருக்கென்று தைத்தது. ஊரில் பாதிக் கதவுகளுக்குக் கைப்பிடி அவன் கடைந்தது. ஊருக்கெல்லாம் பிடி கடைந்து கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்காரி கையில் கந்தல் துணியைக் கொடுத்திருக்கிறான் என்றால் அவன் என்ன கடைசல்காரன்? திங்கட்கிழமைக்குள் குமிழ் தயார் என்று அறிவித்துவிட்டான். மாமியார் அதைக் கேட்டு, முதலில் சர்க்கரை டப்பாவைத் திறந்து வைக்கச் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் டிப்போவுக்குப் போய் மெக்கானிக்கைப் பார்த்தான். அவரை எல்லாரும் கிரீஸ் அண்ணன் என்பார்கள். தலைமுடியிலிருந்து செருப்பு வரை கிரீஸ். கல்யாணத்துக்கு வந்தால்கூடக் காதோரம் ஒரு பொட்டு இருக்கும். அந்தக் கியர் கம்பியின் மரை கடைகளில் கிடைக்கிற எந்த அளவிலும் சேராது, அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை என்று அவர் கையை விரித்தார். விரித்த கையோடு உள்ளே போய், துருப்பிடித்த ஒரு டப்பாவைக் கவிழ்த்துத் துழாவி, மூன்று பித்தளைக் குழல்களை எடுத்துக்கொண்டு வந்தார். பழைய குமிழ்களின் பிளாஸ்டிக் உடைந்துபோக உள்ளே மிஞ்சியவை. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம். வெளியே மரத்தைக் கவ்விக்கொள்ள ஒரு மரை, உள்ளே கம்பியில் ஏற ஒரு மரை.

"மூணே மூணுதான் தம்பி. இதுக்கு மேல தலைகீழா நின்னாலும் கிடைக்காது. பாத்துச் செய்" என்றார் கிரீஸ் அண்ணன்.

மூன்று எதற்கு, ஒன்று போதும் என்று நினைத்துக்கொண்டே பம்பரம் சைக்கிளை மிதித்தான். மனிதனுக்கு அந்த நினைப்பு வரும்போதே யாராவது தலையில் ஒரு குட்டு வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

வேலை சுலபம்தான், சொல்வதற்கு. பழைய மேஜைக்காலில் மிஞ்சிய தேக்குத் துண்டில் துளை போட்டு, குழலைப் பசையோடு திருகி ஏற்றி, குழலை லேத்தில் பிடித்துச் சுழலவிட்டு மரத்தைக் கடைய வேண்டும். மரத்தைப் பிடித்துக் கடைந்தால் குமிழ் குழலுக்கு நேராக வராது, கியர் கம்பியில் கோணலாக உட்காரும். ஆகவே குழலைத்தான் பிடிக்க வேண்டும். கட்டையைப் பிடித்தே பழகிய கைக்கு இந்தக் குட்டிப் பித்தளையை எப்படிப் பிடிப்பது என்பதுதான் கேள்வி.

பம்பரத்துக்கு அது கேள்வியாகவே படவில்லை. முதல் குழலின் வெளியே நீட்டிய பாதியை லேத்தின் மூன்று இரும்புத் தாடைகளுக்கு நடுவில் வைத்தான், இறுக்கினான். ஓட்டிப் பார்த்தால் லேசாக ஆடியது. ஆடினால் என்ன செய்வான்? இன்னும் இறுக்கினான். கொஞ்சம் ஆடியது, இன்னும் கொஞ்சம் இறுக்கினான். கடைசியில் முறுக் என்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தபோது வட்டக் குழல் முட்டை வடிவத்தில் இருந்தது. வெளி மரை மூன்று இடத்தில் நசுங்கி, உள் மரைக்குள் கம்பி என்ன, கம்பியின் நிழல்கூட நுழையாது என்கிற நிலைமை.

"போனது ஒண்ணா மாப்பிள்ளை?" என்று துணி உலர்த்திக்கொண்டிருந்த மாமியார் கேட்டார்.

வெளியே கவ்வினால்தானே நசுங்கும், உள்ளேயிருந்து பிடிப்போம் என்று மத்தியானம் புத்தியை மாற்றினான். ஒரு மரமுளையை நுனி ஒடுக்கமாகக் கடைந்து லேத்தில் மாட்டி, இரண்டாவது குழலை அதன்மேல் செருகிச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினான். நன்றாகத்தான் சுழன்றது. உச்சி குளிர்ந்துபோய் உளியை வைத்தான். உளி ஒரு இழையில் மாட்டியதுதான் தாமதம், குழலும் கட்டையும் முளையை விட்டுப் பிய்த்துக்கொண்டு கிளம்பின. தகரக் கூரையில் ஒரு டமார், கதவில் ஒரு டமார், அப்புறம் கொடியில் தொங்கிய மாமியாரின் போர்வைக்குள் புகுந்து அடங்கிவிட்டன. கட்டை இரண்டாகப் பிளந்திருந்தது. குழலின் ஒரு பக்க வாய் சப்பையாகியிருந்தது.

மாமியார் போர்வையை உதறி, குழலை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தார். எண்ணிக்கையைச் சொல்லவில்லை. பம்பரமே மனதுக்குள் எண்ணிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் அவன் மூன்றாவது குழலைத் தொடவே இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருவை நாலு சுற்றுச் சுற்றி வந்தான். திரும்பி வந்தபோது மனைவி கையில் மருந்தைத் தடவிக்கொண்டு, சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, வாயாலேயே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். ர்ர்ரூம் என்று முதல் கியர், கொஞ்சம் மேலே இரண்டாவது. மூன்றாவது வரும்போது சத்தம் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. டீ கொதித்துக்கொண்டிருந்தது. மாமியாரின் மரக்கரண்டி மேஜையில் கிடந்தது. பம்பரம் ஏதோ யோசனையில் கரண்டியை ஒரு கையில் எடுத்து, சப்பையாகிப்போன இரண்டாவது குழலின் நல்ல வாயை அதன் காம்பில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். குழல் காம்பில் கொஞ்சம் ஏறியது. கழற்றிப் பார்த்தான். மரத்தில் மயிரிழை மயிரிழையாக ஒரு மரை விழுந்திருந்தது. மறுபடி ஏற்றினான். அதே வழியில் மெத்தென்று ஏறி, ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் உட்கார்ந்துகொண்டது.

அடேயப்பா, அதற்கப்புறம் அவனை யார் பிடிப்பது? டீயை அப்படியே விட்டுவிட்டுக் கரண்டியோடு பட்டறைக்கு ஓடினான். என் கரண்டி, என் கரண்டி என்று பின்னால் கேட்ட குரலைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கடையில் கிடைக்காத மரையை அந்தக் குழலே வைத்துக்கொண்டிருக்கிறது. கெட்டுப்போன குழலை வெட்டும் கருவியாக்கி, மிச்சமிருக்கிற குழலுக்கு மரத்திலேயே ஒரு மரையாணி செய்துவிட்டால் தீர்ந்தது. இரும்புத் தாடையும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம்.

இரண்டாவது குழலின் நல்ல வாயில் மெல்லிய அரத்தால், மரத்தை வெட்டும் பல்லாக நிற்கும்படி மூன்று பள்ளம் அராவினான். வைரம் பாய்ந்த கட்டை ஒன்றைக் கம்பியின் கனத்துக்கு முளையாகக் கடைந்து, அடியில் ஒரு தோளும் வைத்தான், குழல் போய் முட்டி உட்காருவதற்கு. முளையில் மெழுகைத் தேய்த்தான். அப்புறம் அந்தக் குழலை அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால் என்று கண்ணும் கருத்துமாகத் திருகிக்கொண்டே போனான். பொடிப் பொடியாக மரத்தூள் உதிர்ந்தது. தோள் வரைக்கும் போய்த் திரும்பி வந்தபோது, முளையில் அழகான மரை, எண்ணினால் பதினான்கு வரி. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு பொறுமையாக அவன் ஒரு வேலை செய்ததில்லை.

மூன்றாவது குழலைத் தேக்குத் துண்டுக்குள் முழுக்கப் புதைத்துப் பசை காயவிட்டு, அந்த முளையில் ஏற்றினான். பழக்கதோஷத்தில் கை கடைசியாக ஒரு முறுக்குக் கொடுக்கப் போனது. பம்பரம் அதை மறு கையால் பிடித்து நிறுத்தினான். சும்மா விரலால் ஏற்றி, தோளில் முட்டியதும் விட்டுவிட்டான். லேத்தை ஓட்டினான். உளி எதிர்க்க எதிர்க்க, குழல் தானாகவே மரைமேல் அழுந்திக்கொண்டது. தேவையான அளவுக்குத்தான் அழுந்தியது, அதற்கு மேல் ஒரு துளி இல்லை. ஆட்டமே கிடையாது. சுருள் சுருளாகத் தேக்கு பறக்க, பம்பரம் வாய்விட்டுப் பாடினான். அவன் பாட்டைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

பதினொரு மணிக்குக் குமிழ் தயார். பளபளவென்று, உள்ளங்கையில் வைத்தால் இறக்கி வைக்க மனம் வராது. விரல்களை மூடிப் பிடித்துப் பார்த்தான், கச்சிதம். கால் தரையில் பாவாமல் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, ரொம்ப அழகா இருக்குங்க என்றாள். முக்காலியில் உட்கார்ந்து, ஒரு துடைப்பக் கம்பின் தலையில் அதைச் செருகிக் கண்ணை மூடினாள். முதல் கியர் போட்டாள், இரண்டாவது போட்டாள். மூன்றாவதற்குத் தள்ளும்போது கை குமிழின் தோளிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிட்டது.

அப்போதுதான் பம்பரம் அந்தக் கையைப் பார்த்தான். வெள்ளிக்கிழமையிலிருந்து புண்ணைப் பார்த்தானே ஒழிய, கையைப் பார்க்கவில்லை. அவள் விரல்கள் குமிழைச் சுற்றிப் பாதி தூரம்தான் வந்திருந்தன. குமிழ் அவன் கைக்குச் செய்தது. இத்தனை வருடமாக அவன் கடைந்த அத்தனை கைப்பிடியும் அவன் கைக்குச் செய்ததுதான். கடைந்ததும் தன் கையில் வைத்துப் பார்ப்பான், சரியாக இருந்தால் உலகத்துக்கே சரி என்று அனுப்பிவிடுவான்.

"பரவாயில்லைங்க. துணிக்கு இது எவ்வளவோ மேல். நாளைக்குச் சமாளிச்சுக்கிறேன்" என்றாள் அவள்.

அந்தச் சமாளிச்சுக்கிறேனைக் கேட்டதும் அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கல்யாணமானதிலிருந்து அவன் இறுக்கி மூடிய டப்பாக்களையெல்லாம் அவள் இப்படித்தான் சமாளித்திருக்கிறாள். குமிழைப் பிடுங்கிக்கொண்டு, அவளையும் பட்டறைக்கு வரச் சொன்னான்.

கடைசல்காரர்களுக்கு ஒன்று தெரியும். லேத்திலிருந்து ஒரு முறை கழற்றிய பொருளை மறுபடி மாட்டினால், அது பழைய இடத்தில் உட்காராது, கொஞ்சமாவது கோணும். கோணினால் உளி ஒரு பக்கம்தான் வெட்டும். மூன்றாவது குழல் இருக்கிற ஒரே குமிழ், இதுவும் போனால் நாளைக்குக் கந்தல் துணிதான். பயந்துகொண்டே குமிழை மறுபடி அந்த மர மரையில் ஏற்றி, லேத்தை ஓட்டி, கண்ணை அருகில் கொண்டுபோனான். குமிழ் சுழல்கிறதா நிற்கிறதா என்று தெரியாத அளவுக்கு நேராக ஓடியது. கழற்றினான், ஏற்றினான், ஓட்டினான். மறுபடியும் அதே இடம், இம்மியும் பிசகவில்லை. இது வெறும் பிடி இல்லை. எத்தனை முறை விட்டாலும் அதே இடத்தில் திரும்பப் பிடிக்கிற பிடி. அப்படியென்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றி அவள் கையில் கொடுத்துப் பார்க்கலாம்.

"சொல்லு. நீ டிரைவர். எங்க குறைக்கணும்?" என்றான்.

சொல்ல ஆரம்பித்தாள் பாருங்கள், இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாளோ! இரண்டாவது கியருக்கு விரலால் இழுக்க வேண்டும், ஆகவே கழுத்து ஒல்லியாக வேண்டும். மூன்றாவதற்கு உள்ளங்கையின் அடிப்பகுதியால் மேலே தள்ள வேண்டும், ஆகவே தலை தட்டையாக வேண்டும், புண் இருக்கிற நடு இடத்தில் லேசாகக் குழிந்திருந்தால் இன்னும் நல்லது. அவன் கடைவான், விரலால் ஒரு திருகுத் திருகிக் கழற்றுவான். அவள் முக்காலியில் உட்கார்ந்து, இல்லாத கிளட்சை மிதித்து, துடைப்பக் கம்பில் கியர் போட்டு, தலையை ஆட்டுவாள். அவன் மறுபடி ஏற்றிக் கடைவான். மாமியார் டீயோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது தடவை மாமியாரும் வாயால் ஹாரன் அடித்தார்.

பம்பரம் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, உளியைக் கீழே வைத்துவிட்டான். கூந்தலெல்லாம் மரத்தூளோடு, கண்ணை மூடிக்கொண்டு, தீவிரமாகப் பஸ் ஓட்டுகிற இவளை எவ்வளவு பிடிக்கிறது என்று அந்த நிமிடம் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. பெண் பார்த்த அன்றுகூட இவ்வளவு பிடித்திருக்காது.

பத்தாவது தடவை கழற்றியபோது, கழுத்தில் இன்னும் ஒரு நூல் குறைத்தால் போதும் என்றாள். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் உள்ளே பித்தளை இருக்கிறது. மரம் இப்போதே அட்டைப் பெட்டி கனத்துக்கு வந்துவிட்டது, ஒரு நூல் எடுத்தால் பித்தளையே வெளியே வந்துவிடும் என்று பம்பரம் சொன்னான். அவள் அரை நூலுக்கு இறங்கி வந்தாள். அதற்கே அவனுக்கு முழி பிதுங்கியது. கடைசி உளியை வைக்கும்போது மூவரும் மூச்சுவிடவில்லை. உளியின் சத்தம் மெல்ல மெல்ல மாறியது. மரத்தின் கனமான சத்தம் போய், உள்ளே இருக்கிற பித்தளை லேசாகப் பேச ஆரம்பித்த இடத்தில் அவன் கையை எடுத்துவிட்டான்.

பதினொன்றாவது தடவை அவள் விரல்கள் குமிழைச் சுற்றிப் போய் உள்ளங்கையைத் தொட்டன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கியர் போட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தாள். அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, தூசியோடு தூசியாக அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மாமியார் எழுந்து டீக் கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் டிப்போ. காலி பஸ்ஸை யார் வேண்டுமானாலும் மேட்டில் ஏற்றுவார்கள் என்பது டெஸ்ட் எடுக்கிற அதிகாரியின் வாதம். அதனால் சீட்டுகளில் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். மூட்டை போதாத சீட்டுகளில், அங்கே சும்மா நிற்கிற ஆட்களைப் பிடித்து உட்கார வைப்பது வழக்கம். நானும் ஒரு மூட்டைதானே என்று மாமியார் முதலில் ஏறினார். பம்பரம் கடைசி வரிசையில் இரண்டு மூட்டைகளுக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டான். கிரீஸ் அண்ணனும் வேலையை விட்டுவிட்டு ஏறி, இடம் இல்லாமல் மூட்டைமேலேயே உட்கார்ந்தார்.

அதிகாரி நெட்டையான மனிதர். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார், சிரிப்பதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் அநியாயக்காரர் இல்லை. அவள் பையிலிருந்து குமிழை எடுத்துக் கியர் கம்பியில் திருகுவதைப் பார்த்தார். அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கழன்று வராமல் இருந்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடைத்தெரு, பள்ளிக்கூட வாசல், பாலம் எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போயின. மேட்டு ரோடு வந்தது. பாதி மேட்டில் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினாள். மறுபடி கிளப்பச் சொன்னார். இத்தனை மணலோடும் இத்தனை மனிதர்களோடும் பஸ் முனகிக்கொண்டு நகர்ந்தது. முதல் கியரில் ஊர்ந்து இரண்டாவதற்கு வந்தது. என்ஜின் சத்தம் உயர்ந்துகொண்டே போக, பம்பரம் பக்கத்து மூட்டையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான். மேலே வளைவு தெரிந்தது. இப்போது மூன்றாவது விழ வேண்டும்.

கடைசி வரிசையிலிருந்து அவள் முழங்கை மட்டும்தான் தெரிந்தது. அது மேலே ஒரு முறை நிதானமாகப் போய் வந்தது. வழுக்கவும் இல்லை, தயங்கவும் இல்லை. என்ஜின் சத்தம் சட்டென்று இறங்கி, சீரான குரலில் பேச ஆரம்பித்தது. பஸ் வளைவில் திரும்பி மேட்டின் உச்சிக்கு வந்து, சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றது. கிரீஸ் அண்ணன் மூட்டைமேல் ஓங்கி அடித்த அடியில் பம்பரத்தின் முகமெல்லாம் மணல்.

அதிகாரி தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அவளிடம் நீட்டினார். பாஸ் என்று வாயால்கூடச் சொல்லவில்லை. அவள் அதை வாங்கிப் படித்தாள், இன்னொரு முறை படித்தாள். மாமியார் மூன்றாவது வரிசையில் முந்தானையால் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

திரும்பிப் போகும்போது அதிகாரிதான் ஓட்டுவார், அது முறை. அவள் எழுந்து விலகிக்கொள்ள, அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, என்ஜினைக் கிளப்பி, கியரில் கையை வைத்தார். கை உட்காரவில்லை. அத்தனை பெரிய கைக்குள் குமிழ் காணாமல் போய், விரல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கையை மேலே வைத்து அழுத்திப் பார்த்தார். முதல் கியர் கர்ர் என்று கத்தியதே தவிர விழவில்லை. மறுபடி முயன்றார், மறுபடி கத்தியது. மணல் மூட்டைகளுக்கு நடுவில் இருந்த அத்தனை பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

"என்னம்மா இது, பிடிக்கவே வரலையே" என்றார் அதிகாரி.

"எனக்குச் சரியா இருக்கு சார்" என்றாள் அவள்.

அவர் ஒரு நிமிடம் தன் கையைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார், அதில் இன்னும் ஆறாத புண்ணையும் பார்த்தார். அப்புறம் என்ஜினை நிறுத்தி, சீட்டைவிட்டு எழுந்தார்.

"அப்போ நீங்களே ஓட்டுங்க டிரைவர்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய், பம்பரத்துக்குப் பக்கத்து மூட்டையை நகர்த்தி உட்கார்ந்துகொண்டார்.

அவள் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். அதில் மணலும் மனிதர்களுமாகத் தெரிந்த தன் முதல் பயணிகளைப் பார்த்து, டிப்போ வரும்வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, முதல் கியரைப் போட்டாள்.